எம்சிக்யூ நிறைய போட்டும் மார்க் ஏறலையா? தப்பான மூணு ஆப்ஷனைப் படிங்க

தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. ஹவுஸ் சர்ஜன்சி போயிட்டிருக்கு அண்ணா, நீட் பிஜிக்காக (எம்டி, எம்எஸ் சீட்டுக்கான நுழைவுத் தேர்வு) ஒரு வருஷமா க்யூபேங்க் (கொஸ்டின் பேங்க்) போடறேன், தினமும் நூறு கொஸ்டினாவது முடிச்சுடுவேன், நோட்ஸும் ரெண்டு ரவுண்டு ஓட்டியாச்சு, ஆனா கிராண்ட் டெஸ்ட்ல (ஜிடி, அதாவது முழு மாதிரித் தேர்வு) மார்க் நின்ன இடத்துலயே நிக்குது, திரும்ப முதல்ல இருந்து நோட்ஸ் படிக்கவா, இல்ல இன்னொரு க்யூபேங்க் வாங்கவா, இப்படி.

ரெண்டும் வேணாம். நீங்க போடற கொஸ்டின் எண்ணிக்கை ஏற்கனவே அதிகம், அதுதான் பிரச்சனைன்னு நினைக்கறேன். ஒரு நாளைக்கு நூறு போட்டா அதை ரிவ்யூ பண்ண நேரம் எங்க இருக்கும்? ரைட்டா வந்ததை பச்சை கலர்ல பாத்து சந்தோஷப்பட்டுட்டு, தப்பானதுக்கு எக்ஸ்பிளனேஷனை மேலோட்டமா படிச்சு "அட ஆமால்ல, இது தெரியுமே"ன்னு சொல்லிட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம். அந்த "தெரியுமே"தான் ஆளை ஏமாத்தறது. பாத்தா அடையாளம் தெரியறது வேற, பாக்காம எடுத்து சொல்ல முடியறது வேற. ரோடிகர், கார்ப்பிக்கின்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2006ல ஒரு சோதனை வெளியிட்டாங்க. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப படிச்ச குரூப்பையும், ஒரு தடவை படிச்சுட்டு ஞாபகத்துல இருந்து எழுதிப் பாத்த குரூப்பையும் வச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி, ஆனா ஒரு வாரம் கழிச்சு வச்சப்ப எழுதிப் பாத்தவங்க நல்லாவே முன்னாடி போயிட்டாங்க. நோட்ஸ் ரெண்டு ரவுண்டு ஓட்டினப்போ எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்து ஜிடில கை விட்டதுக்குக் காரணம் இதுதான்.

எம்சிக்யூவும் எழுதிப் பாக்கற மாதிரிதானேன்னு கேப்பீங்க. ஆப்ஷனைப் பாத்துட்டு பொருத்தமா தெரியறதை டிக் பண்ணா அது பாதி அடையாளம் காணறதுதான். அதனால முதல்ல ஒரு பழக்கம், ஸ்டெம் (ஆப்ஷனுக்கு முன்னாடி வர்ற கேள்விப் பகுதி) படிச்சதும் ஆப்ஷனை கையால மறைச்சுட்டு பதில் என்னன்னு மனசுக்குள்ள சொல்லுங்க, அப்பறம் கையை எடுங்க. நீங்க சொன்னது ஆப்ஷன்லயே இல்லைன்னா அங்கதான் உங்களுக்கு ஏதோ ஒண்ணு கத்துக்க இருக்கு.

ஒரு கொஸ்டினை முழுசா எடுத்துப் பாப்போம். 58 வயசு ஆள், சுகர் பேஷன்ட், ரெண்டு மணி நேரமா நெஞ்சுவலி, வேர்த்து கொட்டுது. பிபி 80/50. ஜேவிபி (கழுத்து வெய்ன் ப்ரஷர்) ஏறியிருக்கு. லங்ஸ் க்ளியர். ஈசிஜில லீட் டூ, த்ரீ, ஏவிஎஃப்ல எஸ்டி எலிவேஷன். உடனே என்ன குடுக்கணும்? நாக்குக்கு அடியில நைட்ரேட், ஐவி ஃப்ரூசமைட், ஐவி நார்மல் சலைன், ஐவி மெட்டோப்ரொலால்.

பதில் சலைன். இன்ஃபீரியர் எம்ஐயோட (ஹார்ட்டோட அடிப்பக்கத்துல வர்ற அட்டாக்) ரைட் வென்ட்ரிக்கிளும் சேந்து அடி வாங்கியிருக்கு. பெரும்பாலும் ரைட் கரோனரி அடைப்பு. ரைட் சைடு லீட் போட்டு விஃபோர்ஆர்ல எஸ்டி ஏறியிருக்கான்னு பாத்தா உறுதி ஆயிடும். நிறைய பேர் இதோட நிறுத்திடறாங்க. இதுக்கப்பறம்தான் படிப்பே ஆரம்பிக்குது.

ஏன் நைட்ரேட் கூடாது? ரைட் வென்ட்ரிக்கிள் பம்ப் பண்ணலை, லெஃப்ட்டுக்கு ரத்தம் போய் சேரலை, அதனாலதான் லங்ஸ் காய்ஞ்சு கிடக்கு பிபி விழுந்திருக்கு. வெய்ன்ல இருந்து திரும்பி வர்ற ரத்தத்தை நம்பித்தான் அந்த ஹார்ட்டே ஓடிட்டிருக்கு. நைட்ரேட் வெய்னை விரிச்சு அதையும் குறைச்சுடும். ஃப்ரூசமைடும் அதே வேலையைத்தான் வேற வழியில செய்யும். மெட்டோப்ரொலால்? பிபி 80ல இருக்கறவருக்கு பீட்டா ப்ளாக்கர் குடுக்கவே கூடாது, போதாததுக்கு ஏவி நோடுக்கும் பெரும்பாலானவங்களுக்கு ரைட் கரோனரில இருந்துதான் ரத்தம் போகுது, இன்ஃபீரியர் எம்ஐல ஹார்ட் ப்ளாக் வர்றது சகஜம். பாருங்க, மூணு தப்பான ஆப்ஷனும் மூணு பாடம். சரியான ஆப்ஷனை மட்டும் படிச்சிருந்தா "ஆர்வி இன்ஃபார்க்ட்னா சலைன்"னு ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும். இதே கேஸ்ல "டெஃபினிடிவ் ட்ரீட்மென்ட் என்ன"ன்னு கேட்டு ப்ரைமரி பிசிஐயை (உடனடி ஆஞ்சியோப்ளாஸ்டி) ஆப்ஷன்ல வச்சா பதில் மாறிடும், ஃப்ளூயிட் அந்த நேரத்துக்குக் கைகொடுக்கறது, அடைப்பைத் திறக்கறதுதான் வைத்தியம். கடைசி வரியில "நெக்ஸ்ட்"னு இருக்கா "பெஸ்ட்"னு இருக்கா "டெஃபினிடிவ்"னு இருக்கான்னு பாக்காம போற மார்க் கொஞ்சநஞ்சமில்ல.

இப்ப அடுத்த கட்டம், நான் ஜூனியர்ஸ் எல்லார்கிட்டயும் அடிச்சு சொல்றது. அதே ஸ்டெம்ல ஒரே ஒரு வரியை மாத்துங்க. பிபி லோ, ஜேவிபி ஏறியிருக்கு, லங்ஸ் க்ளியர், இந்த மூணும் அப்படியே இருக்கட்டும். எஸ்டி எலிவேஷனை எடுத்துட்டு ஹார்ட் சவுண்ட் மங்கலா கேக்குது, மூச்சை இழுக்கறப்ப பல்ஸ் சின்னதாகுதுன்னு போடுங்க. டாம்பனாட் (ஹார்ட்டைச் சுத்தி நீர் சேந்து அமுக்கறது), பெரிகார்டியோசென்டெசிஸ் (அந்த நீரை ஊசியால எடுக்கறது). அதையும் எடுத்துட்டு இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு ஒரு வாரம், ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு, திடீர்னு மூச்சுத்திணறல்னு போடுங்க. மாஸிவ் பல்மனரி எம்பாலிசம் (லங்ஸ் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைக்கறது), பிபி விழுந்திருந்தா த்ராம்போலைசிஸ் (கட்டியைக் கரைக்கற மருந்து) யோசிக்கணும், ஆனா ஆபரேஷன் ஆகி ஒரு வாரம்தான் ஆச்சு, ப்ளீடிங் ரிஸ்க் இருக்கு, அதனால எம்பலெக்டமி (கட்டியை எடுத்துடறது) ஆப்ஷன்ல இருந்தா அதையும் பாருங்கன்னு கொஸ்டின் போடறவன் கொக்கி போடுவான். பைக் ஆக்சிடென்ட், ஒரு பக்கம் மட்டும் காத்து போற சத்தமே இல்ல, தட்டினா காலி டிரம் மாதிரி கேக்குது, ட்ரக்கியா எதிர்பக்கம் தள்ளியிருக்குன்னா டென்ஷன் நியூமோதோராக்ஸ், எக்ஸ்ரேக்கு அனுப்பாம உடனே ஊசி போட்டு காத்தை எடுக்கணும். லங்ஸ் க்ளியர்ங்கறதை மட்டும் மாத்தி ரெண்டு பேஸ்லயும் க்ரெபிடேஷன்னு போட்டா அது லெஃப்ட் வென்ட்ரிக்கிள் பெயிலியர், அங்க லிட்டர் கணக்குல சலைன் ஏத்தினா ஆள் மூழ்கிடுவாரு. ஜேவிபியே தெரியலை, கழுத்து வெய்ன் தட்டையா இருக்குன்னா ரத்தமோ தண்ணியோ போயிருக்கு.

ஆக ஒரு கொஸ்டின்ல ஷாக் சாப்டரே வந்துடுச்சு. லெஃப்ட் வென்ட்ரிக்கிளுக்கு ரத்தம் போய் சேரலைங்கற ஒரு ஃபிசியாலஜிதான் இதுல முக்கால்வாசிக்கு அடிப்படை. கோர் நாலட்ஜ் கோர் நாலட்ஜ்னு எல்லாரும் சொல்றாங்களே, அது தடியான புக்கோட சுருக்கம்னு நினைச்சுடாதீங்க, பத்து கொஸ்டினுக்கு பதில் சொல்ற ஒரு காரணம்னு வச்சுக்குங்க. ஏசிஇ இன்ஹிபிட்டரையே (ஒரு வகை பிபி மருந்து) எடுங்க. எஃபரென்ட் ஆர்ட்டிரியோல் (கிட்னி வடிகட்டில இருந்து ரத்தம் வெளிய போற குழாய்) விரியும், க்ளோமெருலஸ்ல (அந்த வடிகட்டி) ப்ரஷர் குறையும். அதனாலதான் சுகர் கிட்னில ப்ரோட்டீன் போறது குறையுது, அதே காரணத்துக்காகத்தான் ரெண்டு பக்கமும் ரீனல் ஆர்ட்டரி சுருங்கியிருந்தா குடுக்கக் கூடாது. ஆல்டோஸ்டிரோன் குறையும், பொட்டாசியம் ஏறும். ப்ராடிகைனின் சேரும், வறட்டு இருமல், ஆஞ்சியோஎடீமா, ஏஆர்பிக்கு (இன்னொரு வகை பிபி மருந்து) மாத்தினா இருமல் நிக்கும். தனித்தனியா மனப்பாடம் பண்ணா ஆறு ஃபேக்ட், காரணம் புரிஞ்சா ஒண்ணு.

இதே மாதிரி நம்ம ஊரு கேஷுவால்டி கேஸ் ஒண்ணு, ஏன்னா நீங்க ஹவுஸ் சர்ஜன், இதை டியூட்டிலயே பாப்பீங்க. வயல்ல மருந்தடிச்சிட்டிருந்தவரைத் தூக்கிட்டு வர்றாங்க, வாயில எச்சில் நுரை, வேர்வை, ப்யூப்பில் குண்டூசி முனை மாதிரி, பல்ஸ் 48, நெஞ்சு பூரா க்ரெப்ஸ், தொடை தசை துடிக்குது. ஆர்கனோபாஸ்பரஸ்னு எல்லாரும் சொல்லிடுவாங்க, அட்ரோபின்னும் சொல்லிடுவாங்க. அதனால அதை யாரும் இப்ப நேரடியா கேக்கறதில்ல. போதுமான அளவு அட்ரோபின் போயிடுச்சுன்னு எதை வச்சு முடிவு பண்ணுவீங்கன்னு கேப்பான். ப்யூப்பில் விரியறதுன்னு டிக் பண்ணா போச்சு. நெஞ்சு க்ளியர் ஆகணும், பல்ஸ் 80க்கு மேல, சிஸ்டாலிக் 80க்கு மேல. ப்யூப்பில் மெதுவாதான் மாறும், அதுக்காக காத்திருக்க முடியாது. வார்டுல 0.6 மில்லிகிராம் ஆம்பியூலை வரிசையா உடைச்சு வச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஸ்டெத் வச்சுப் பாத்து, பத்தலைன்னா டோஸை டபுள் பண்ணிட்டே போறதைப் பாத்திருந்தீங்கன்னா இது ஜென்மத்துக்கும் மறக்காது. அட்ரோபின் குடுத்தும் தசை துடிப்பு நிக்கலையே ஏன்? அது நிகோடினிக், அட்ரோபின் மஸ்கரினிக்கை மட்டும்தான் தடுக்கும். ரெண்டு நாள் கழிச்சு நல்லா இருந்தவர் தலையணையில இருந்து தலையைத் தூக்க முடியலைங்கறாரு, என்ன? இன்டர்மீடியட் சிண்ட்ரோம், 24ல இருந்து 96 மணி நேரத்துக்குள்ள வரும், கழுத்து தசையில ஆரம்பிச்சு மூச்சுத் தசைக்குப் போகும், வென்டிலேட்டர் ரெடியா இருக்கணும்.

இப்ப ஒரு வரி மாத்துங்க. வாந்தி, பல்ஸ் 40, ஆனா ப்யூப்பில் நார்மல், நெஞ்சு க்ளியர், ஈசிஜில ஹார்ட் ப்ளாக், பொட்டாசியம் ஏறியிருக்கு. மஞ்சள் அரளி. உள்ள இருக்கறது டிஜிடாலிஸ் மாதிரி வேலை செய்யற க்ளைகோசைடு, சோடியம் பொட்டாசியம் பம்பை அடைக்கும், டிஜாக்ஸினுக்கு எதிரான ஆன்டிபாடிதான் மாத்து மருந்து. தமிழ்நாட்லயும் இலங்கையிலயும் டியூட்டி பாக்கற டாக்டருக்கு இது தினப்படி கேஸ், வடக்குல இருந்து வர்ற நோட்ஸ்ல ரெண்டு வரியில முடிச்சுடுவாங்க. உங்க கேஷுவால்டியே உங்களுக்கு நல்ல க்யூபேங்க், டியூட்டி டாக்டர் ஒரு ஆர்டர் எழுதறப்ப "இது இல்லாம வேற எது எழுதியிருந்தா தப்பாகும்"னு யோசிச்சுப் பாருங்க.

சரி, ரிவ்யூ எப்படி பண்றது. தப்பானதெல்லாம் ஒரே தப்பு இல்ல. ஒண்ணு, விஷயமே தெரியாது. இன்னொண்ணு, ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கிட்டீங்க. மூணாவது, எல்லாம் தெரியும், ஸ்டெம்ல "எக்ஸெப்ட்"ஐ கவனிக்கலை, இல்ல வயசைப் பாக்கலை. முதல் வகைக்கு மட்டும்தான் நோட்ஸைத் திறக்கணும், அதுவும் அந்த ஒரு டாபிக்கை மட்டும். மூணாவது வகைக்குப் படிக்கவே வேணாம், கடைசி வரியை முதல்ல படிச்சுட்டு ஸ்டெம்முக்குப் போனா பாதி சரியாயிடும். ஆனா ஒரு வருஷம் படிச்ச ஆளுக்கு மார்க் நிக்கறது பெரும்பாலும் ரெண்டாவது வகையிலதான், ஏன்னா படிக்கப் படிக்கத்தான் குழப்பறதுக்கு விஷயமே சேருது.

அதுக்கு ஜோடி நோட்டு ஒண்ணு போடுங்க. குழப்பிக்கிட்ட ரெண்டையும் ஒரு வரியில எழுதி, ரெண்டையும் பிரிக்கற ஒரே ஒரு பாயின்ட்டை மட்டும் பக்கத்துல எழுதணும். டூபின் ஜான்சன், ரோட்டர்: முதல்ல சொன்னதுல லிவர் கறுப்பா இருக்கும். பார்ட்டர், கிட்டல்மேன்: யூரின் கால்சியம், பார்ட்டர்ல அதிகம் கிட்டல்மேன்ல கம்மி. பெம்பிகஸ் வல்காரிஸ், புல்லஸ் பெம்பிகாய்டு: கொப்புளம் தொளதொளன்னு இருந்து வாய்க்குள்ளயும் வந்தா பெம்பிகஸ், வயசானவருக்கு கெட்டியா உடையாம நின்னா பெம்பிகாய்டு. காய்ச்சலோட ப்ளேட்லெட் குறைஞ்சு வர்றவங்கள்ல உடம்புல எங்கயாவது சிகரெட் சுட்ட மாதிரி கறுப்பு பொருக்கு இருந்தா ஸ்க்ரப் டைஃபஸ், டாக்ஸிசைக்ளின். கெண்டைக்கால் வலியும் கண்ணு சிவப்பும் மஞ்சக்காமாலையும் சேந்தா லெப்டோ. காய்ச்சல் விட்ட அன்னைக்கு ஹிமட்டோக்ரிட் ஏறினா டெங்கு க்ரிட்டிக்கல் ஃபேஸ். அழகா பேரா பேராவா எழுதாதீங்க, எழுதினா அது இன்னொரு நோட்ஸ் ஆயிடும், அதையும் யாரும் படிக்கப் போறதில்ல. மொபைல்ல ஃப்ளாஷ்கார்டா போட்டாலும் சரிதான், ஆனா அடுத்தவன் செஞ்சு வச்ச இருபதாயிரம் கார்டை டவுன்லோட் பண்ணிட்டு உக்காராதீங்க, அது அவன் குழப்பம், உங்களோடது இல்ல.

பிஎஸ்எம்னா (சமூக மருத்துவம்) மூஞ்சைச் சுளிக்கறவங்க நிறைய, ஆனா கம்மி நேரத்துல மார்க் ஏத்தறதுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல. ஃபார்முலா மனப்பாடம் பண்ணாதீங்க, ஆயிரம் பேரை வச்சு கணக்கு போடுங்க. வியாதி 1% பேருக்கு, சென்சிடிவிட்டி 90, ஸ்பெசிஃபிசிட்டி 90ன்னா, வியாதி இருக்கற பத்து பேர்ல 9 பேர் பாசிடிவ், இல்லாத 990 பேர்ல 99 பேர் பாசிடிவ். பாசிடிவ் வந்த 108 பேர்ல நிஜமான கேஸ் 9 பேர்தான், அதாவது 8% சொச்சம். அதே டெஸ்டை வியாதி 10% இருக்கற இடத்துல போட்டா 90க்கு 90, நேரா 50%. டெஸ்ட் மாறலை, ஊர்தான் மாறுச்சு. இதை ஒரு தடவை கையால போட்டவங்களுக்கு ப்ரிவலன்ஸ் கூடினா எது மாறும் எது மாறாதுங்கற கொஸ்டின்ல குழப்பமே வராது.

பழைய வருஷ கொஸ்டின் போடறப்ப ஒரு எச்சரிக்கை. ஆன்சர் கீ அந்த வருஷத்துக்குத்தான் சரி. டிபிக்கு வாரம் மூணு நாள் மருந்துன்னு இருக்கற கொஸ்டின் இன்னமும் சுத்துது, 2017லயே டெய்லி ஆயிடுச்சு, ப்ரோக்ராம் பேரும் 2020ல மாறிடுச்சு. செப்சிஸ்க்கு சிர்ஸ்னு (SIRS, பழைய அளவுகோல்) கீ இருந்தா அது 2016க்கு முந்தினது, இப்ப சோஃபா (SOFA, உறுப்புகள் எவ்வளவு பாதிச்சிருக்குன்னு பாக்கற ஸ்கோர்). செர்விக்ஸ் கேன்சர் ஸ்டேஜிங்ல 2018க்கு அப்பறம் நிணநீர் முடிச்சு பாசிடிவ்னா த்ரீ சி. பழைய கொஸ்டினை எந்த டாபிக் திரும்பத் திரும்ப வருதுன்னு பாக்கறதுக்கு வச்சுக்குங்க, பதிலை இப்போதைய கைட்லைன்ல சரி பாத்துக்குங்க.

கெஸ் பண்ணலாமான்னு அடுத்தது கேப்பீங்க, எல்லாரும் கேக்கறாங்க. நீட் பிஜில 200 கொஸ்டின், சரியானதுக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. கண்ணை மூடிட்டு நாலுல ஒண்ணு அடிச்சாக்கூட சராசரியா கொஸ்டினுக்கு கால் மார்க் லாபம், ரெண்டு ஆப்ஷனை அடிச்சுட்டா ஒன்றரை மார்க் லாபம். அதனால அங்க விட்டுட்டு வர்றது நஷ்டம். ஐஎன்ஐ சிஇடில (எய்ம்ஸ் மாதிரி நிறுவனங்களோட பிஜி சீட்டுக்கான தேர்வு) தப்புக்கு மூணுல ஒரு பங்கு போகும், கண்ணை மூடி அடிச்சா கணக்குப்படி பூஜ்யம்தான், ஆனா ஒரு ஆப்ஷனையாவது உறுதியா தள்ள முடிஞ்சா அடிக்கறது லாபம். எஃப்எம்ஜிஇக்கு (வெளிநாட்ல டாக்டர் படிச்சவங்க இங்க எழுதற தேர்வு) நெகட்டிவே கிடையாது, 300ல 150 எடுத்தா பாஸ், அங்க ஒண்ணுகூட காலியா விடக் கூடாது. பாருங்க, இங்கயும் தப்பான ஆப்ஷனைத் தள்ளத் தெரிஞ்சவனுக்குத்தான் மார்க்.

2024ல இருந்து நீட் பிஜில டைம் செக்ஷன் வந்துடுச்சு, 40 கொஸ்டினுக்கு 42 நிமிஷம், அந்த செக்ஷன் முடிஞ்சா திரும்பிப் போக முடியாது. கடைசியில வந்து பாத்துக்கலாம்னு மார்க் பண்ணி வைக்கற பழக்கம் இனி அந்த 42 நிமிஷத்துக்குள்ளதான். அதனால உங்க ப்ராக்டீஸையும் 40, 40ஆ மாத்துங்க. சப்ஜெக்ட் வாரியா போடாதீங்க, எல்லா சப்ஜெக்ட்டும் கலந்து போடுங்க, பார்மா ப்ளாக்னு தெரிஞ்சு உக்காந்தா மூளை பாதி பதிலை முன்னாடியே குறுக்கி வச்சுடும். ஒரு சப்ஜெக்ட்டை அப்பதான் முதல் தடவை படிச்சு முடிச்சிருந்தா மட்டும் தனியா போடலாம்.

டியூட்டியோட சேத்து பாத்தா ஒரு நாளைக்கு ஒரு ப்ளாக் போதும். 42 நிமிஷம் போடறதுக்கு, அதைப் போல ரெண்டு மடங்கு நேரம் ரிவ்யூக்கு. ரைட்டா வந்ததுலயும் சந்தேகத்தோட அடிச்சது இருக்கும், போடறப்பவே அதுக்கு ஒரு குறி வச்சுக்குங்க, அதையும் தப்புக் கணக்குலயே சேருங்க. தப்பானதை மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழிச்சு ஒரு தடவை, ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை திரும்பப் போடுங்க, மூணு தடவையும் காரணத்தோட சரியா வந்தா லிஸ்ட்ல இருந்து தூக்கிடுங்க. நைட் டியூட்டி முடிஞ்சு வந்த அன்னைக்கு புது ப்ளாக் வேணாம், தூங்கி எழுந்து ஜோடி நோட்டை மட்டும் புரட்டுங்க. ஜிடி ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு போதும், ரேங்க்கை அன்னைக்கு ராத்திரியே பாத்து மனசைக் கெடுத்துக்காம மறுநாள் பூரா அதைப் பிரிச்சு மேஞ்சுட்டு அப்பறம் பாருங்க.

இன்னொரு க்யூபேங்க் வாங்கற காசை மிச்சம் பண்ணுங்க. இருக்கறதுல தப்பானது மட்டும் ஃபில்டர் போட்டுப் பாத்தீங்கன்னா எப்படியும் சில ஆயிரம் தேறும், இன்னைக்கு ராத்திரி அதுல இருந்தே ஒரு நாப்பதை எடுத்து ஆரம்பிங்க. சந்தேகம் வந்தா ஸ்டெம்மோட நாலு ஆப்ஷனையும் போட்டு, நீங்க எதை அடிச்சீங்க, ஏன் அடிச்சீங்கன்னும் சேத்து எழுதிக் கேளுங்க, வெறும் "ஆன்சர் என்ன அண்ணா"ன்னு கேட்டா சொல்ல மாட்டேன்.